பூனையை மட்டும் மாற்றவில்லை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். பிளீஸ். யாரிடமும் காட்டாதீர்கள். தம்பி சரத், நீயாக இருந்தால் என் பழைய டேப்லட்டை உனக்கே தந்துவிடுகிறேன், எடுத்த இடத்தில் வைத்துவிடு. அம்மா, நீங்களாக இருந்தால் —

அம்மாவாக இருந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அம்மா எங்கள் அறைக் கதவைத் தட்ட மாட்டார். அப்படியே திறந்துகொண்டு வந்துவிடுவார். அதனால் கூடத்தில் வளையல் சத்தம் கேட்டதும் இதைத் தலையணைக்கு அடியில் தள்ள வேண்டும். இதுவரை இரண்டு தடவை தள்ளிவிட்டேன். இரண்டு தடவையும் அவர் கழிவறைக்குத்தான் போனார்.

இன்று சாயங்காலம் அம்மா அப்பாவின் கால்சட்டைகளுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக் கால்சட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "உங்க ஆபீஸ்ல என்ன, பூனை வளக்குறாங்களா?" என்று கேட்டார்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம பிளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல உக்காந்தேன்லா. அங்க ஒட்டியிருக்கும்."

"இப்படியே போனா ஒரு முழுப் பூனைக்கு முடி சேந்துடும்."

சரத் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. மார்ச்சிலிருந்து கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

மார்ச் மாதம் எங்கள் வகுப்பைப் பாசிர் ரிஸ் பூங்காவுக்குக் கற்றல் பயணம் கூட்டிப்போனார்கள். சதுப்புநிலக் காட்டைப் பார்த்துவிட்டுக் கடலோரமாக நடந்து வந்தோம். ஒரு பெஞ்சில் ஒருவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பெட்டி. காலைச் சுற்றிப் பூனைகள். பொரித்த மீனைப் பிய்த்துப் பிய்த்து ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டிருந்தார். அந்த டிபன் பெட்டியின் மூடியில் இருக்கும் நசுங்கல் எனக்குத் தெரியும். அது நான் கீழே போட்டதால் வந்தது.

சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் பின்தங்கினேன். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏதோ பள்ளி முதல்வரைப் பார்த்த மாதிரி.

ஜனவரியிலேயே அவரை வேலையிலிருந்து ரிட்ரெஞ்ச் பண்ணி அனுப்பிவிட்டார்களாம். ஆபீஸ் இருப்பது ஜூரோங்கில், வீடு பூன் லேயில். இந்தப் பக்கம் எங்கே உட்கார்ந்தாலும் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். அதனால் தினமும் பச்சைத் தட ரயிலில் ஏறி மறுகோடியான பாசிர் ரிஸ் வரை போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். கழுத்தில் தொங்குவது ஆபீஸ் அட்டை மாட்டியிருந்த பழைய கயிறு. அதன் நுனியில் இருப்பது பஸ் கார்டு.

"அம்மாகிட்ட சொல்லாதே குட்டி. ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் எழுந்து நடமாடுறா. கவலையே படவிடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வேற வேலை கெடச்சதும் நானே சொல்லிடுறேன். கம்பெனி குடுத்த பணத்தை மாசாமாசம் சம்பளம் மாதிரி போட்டுக்கிட்டு வரேன்."

நான் அழப்போகிறேன் என்று தெரிந்ததும் பூனைகளைக் காட்டினார். "இவருதான் மேனேஜர். குண்டா இருக்கார்ல? ஒரு வேலையும் செய்யமாட்டார். அந்த ஒத்தக் கண்ணு இருக்கே, அது எச்.ஆர். அதுக்கு எல்லாமே பாதிதான் தெரியும்."

நான் சிரித்துவிட்டேன். அதற்காகத்தான் சொன்னார்.

அம்மாவின் நெஞ்சில் இன்னும் அந்த ஆபரேஷன் கோடு சிவப்பாகத்தான் இருக்கிறது. அப்பா விஷயத்தை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். சுந்தரி சித்தியிடம். அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி அம்மாவின் தங்கை. சிராங்கூனில் தனியாக இருக்கிறார். பகலில் பாலர் பள்ளியில் ஆசிரியர், மற்ற நேரமெல்லாம் கதை. அவருடைய முதல் நாவல் அடுத்த மாதம் வெளிவருகிறது. பெயர் 'நீர்நாய் எக்ஸ்பிரஸ்'. மின்னி என்ற சிறுமி ரயிலில் தூங்கிப்போவாள். கடைசி நிலையத்தில் யாரும் அவளை எழுப்பமாட்டார்கள். ரயில் நிற்காமல் அப்படியே கடலுக்குள் இறங்கிவிடும். டிக்கெட் பரிசோதிப்பவர் ஒரு நீர்நாய். ஜெல்லிமீன்கள்தான் விளக்குகள். கடல் ராஜா கடலின் உப்பையெல்லாம் பூட்டிவைத்துவிட்டார், மின்னி அந்தச் சாவியைத் தேடிப் போக வேண்டும்.

இந்தப் புத்தகத்தில் எனக்கும் பங்கு உண்டு. சித்தி வேலை செய்யும் முறை அப்படி. அவர் சோபாவில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். நான் சத்தமாகப் படிக்க வேண்டும். எந்த வார்த்தையில் என் நாக்குத் தடுக்குகிறதோ அங்கே "நிறுத்து" என்பார். பென்சிலால் ஒரு கோடு. அடுத்த வாரம் அந்த வார்த்தை அங்கே இருக்காது. "இங்க உள்ள பிள்ளைங்க வாயில வராத வார்த்தை என் புக்குல இருக்கக் கூடாதுடி." ஒன்றரை வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான். நடுவில் மைலோ, முறுக்கு, ஊர்க்கதை. அப்பாவைப் பற்றிச் சொன்னதும் அப்படி ஒரு சனிக்கிழமையில்தான். அழுதுகொண்டே சொன்னேன். மேனேஜர் பூனை வந்த இடத்தில் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அதன் பிறகு சித்தி என் தலையில் கை வைத்து, "என்னோடவே இருக்கும். போதுமா?" என்றார்.

இன்று அச்சுக்குப் போகும் பக்கங்களைப் புரட்டினேன். எட்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு பத்தாம் அத்தியாயம் வந்தது.

"ஒன்பது எங்க சித்தி?"

"அது சர்ப்ரைஸ். வெளியீட்டு விழாவுல கேளு."

"நான் படிச்சுப் பாக்க வேணாமா? தடுக்குச்சுன்னா?"

"தடுக்காது லா" என்றார். சிரித்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அப்பா இன்று நீலச் சட்டை. நீலச் சட்டை என்றால் இண்டர்வியூ. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த பாஷை. சாயங்காலம் அம்மா சமையலறையில் இருந்தபோது என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினார்.

செப்டம்பர் 6, சனி

 எழுத்தெல்லாம் கோணலாகப் போகிறது.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வெளியீட்டு விழா. நாற்காலி போதாமல் கொஞ்சம் பேர் நின்றார்கள். வெளியே சாலையில் தீபாவளி அலங்காரம். சரத் ஜன்னலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தான். அம்மா ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகப் பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் "என் தங்கச்சி" என்று சொன்னார். அப்பா புத்தகப் பெட்டிகளைக் கீழேயிருந்து தூக்கி வந்து கொடுத்தார். வேர்த்துவிட்டது அவருக்கு.

நான் முதல் அத்தியாயம் படித்தேன். தடுக்கவில்லை. கைதட்டினார்கள்.

பிறகு சித்தி ஒலிவாங்கி முன் வந்து, "இதுவரைக்கும் யாருமே படிக்காத ஒரு அத்தியாயம்" என்றார். "வேலையில்லாத மந்திரவாதி."

பம்பரனார் என்று ஒரு மந்திரவாதி. கடல் ராஜாவின் அரண்மனையில் வேலை. மந்திரக்கோல் உடைந்ததும் துரத்திவிடுகிறார்கள். மனைவியிடம் சொல்லப் பயம். தினமும் காலையில் வெறும் கோலுறையைத் தோளில் மாட்டிக்கொண்டு "அரண்மனைக்குப் போய்வருகிறேன்" என்று கம்பீரமாகப் புறப்பட்டு, கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். மனைவி கட்டிக்கொடுத்த மீனைப் பூனைகளுக்கு வைப்பார். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பதவி. குண்டுப் பூனை மந்திரி, ஒரு வேலையும் செய்யாது. ஒற்றைக் கண் பூனை சேனாதிபதி, எதிரிப் படையில் பாதிதான் தெரியும்.

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் யாரோ மூச்சுத் திணறச் சிரித்தார்கள். எல்லாரையும்விட அம்மா. அம்மா நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்கும் என்று பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ, அந்த ஆளு" என்றார். "அந்த ஆளு பாவம்லா."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஆனால் கைதட்டும்போது எங்கள் வரிசையின் ஓரத்திலிருந்தும் சத்தம் வந்தது. அவரும் தட்டினார்.

சித்தி பாதியோடு நிறுத்தி, "மீதியை வாங்கிப் படிங்க" என்றார். வாங்கினார்கள். வரிசையில் நின்று வாங்கினார்கள். அப்பாவும் ஒன்றை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்தில் நின்றார். அங்கே அச்சாகியிருக்கிறது: 'என் முதல் வாசகி வைஷாலிக்கு. அவள் இல்லாமல் இந்தக் கதை இல்லை.'

அவள் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மார்க்கெட்டுக்குப் போகும்போது அப்பா என்னையும் கூட்டிக்கொண்டார். லிஃப்டில் நாங்கள் இருவர்தான்.

"நீயா சொன்னே?"

 ஆமான்னு தலைய ஆட்டினேன்.

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. அவர் உடனே வெளியே போகவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கா உன் சித்தி" என்றார். "மேனேஜருக்கு மந்திரி பதவி. புரமோஷன்."

எனக்காகத் திரும்பவும் ஜோக் அடிக்கிறார். திட்டியிருக்கலாம்ல? ஒரு அறை விட்டிருக்கலாம்ல? நான் யாருகிட்ட சொன்னேன் — சித்திகிட்டதானே சொன்னேன். வேற யாருகிட்டப்பா சொல்வேன் நான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பள்ளி விடுமுறை. நூலகம் என்று சொல்லிவிட்டுத் தேக்கா உணவுக் கடைகளுக்குப் போனேன். நான் வரச் சொல்லியிருந்ததால் சித்தி அங்கே வந்து காத்திருந்தார். எனக்குப் பிடித்த இடியாப்பத்தை வாங்கி வைத்திருந்தார். நான் தொடவில்லை.

"ஏன் சித்தி?"

"யாருக்குடி தெரியப்போவுது? எல்லாத்தையும் மாத்திட்டேன். மனுஷனை மந்திரவாதியா மாத்திட்டேன், ஆபீஸை அரண்மனையா மாத்திட்டேன். உங்கப்பாவுக்குத் தாடியா இருக்கு? அந்த ஆளுக்கு முழங்கால் வரைக்கும் தாடி."

"பூனையை மாத்தலையே."

சித்தி இடியாப்பத்தைப் பார்த்தார். எதிர்மேசையில் ஒரு தாத்தா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தார்.

"மாத்திப் பாத்தேன். நாரை போட்டேன், நண்டு போட்டேன். எதுவும் சரியா வரல. பூனை அவ்வளவு நல்லா இருந்துச்சுடி. விட மனசு வரல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். நான் அழுதது நல்லா இருந்திருக்கிறது.

"உங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சாளே, பாக்கலையா? எவ்வளவு நாளாச்சு அவ அப்படிச் சிரிச்சு."

"அது யாருன்னு தெரிஞ்சா சிரிப்பாங்களா?"

"தெரியாது லா. யாரு சொல்லப்போறா? நீ சொல்வியா, நான் சொல்வேனா?"

கிளம்பும்போது இடியாப்பத்தைப் பொட்டலம் கட்டி என் பையில் வைத்தார். பூன் லே வரைக்கும் தேங்காய்ப்பால் ஒழுகிக்கொண்டே வந்தது.

வீட்டில் எங்களுக்கு அவர் கொடுத்த நூல் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்தது. எடுத்து என் துணிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். மீதி அத்தியாயத்தை இன்னும் படிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

படித்துவிட்டேன். முழுவதும். எங்கேயும் தடுக்கவே இல்லை. எப்படித் தடுக்கும், எல்லாம் நான் பேசிய வார்த்தைகள். கடைசியில் மந்திரவாதியின் மனைவி வருகிறாள். அவள் பேசுவது ஒரே ஒரு வசனம்.

அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் புத்தகம் அம்மா கையில் கிடைக்கவே கூடாது.

செப்டம்பர் 17, புதன்

தமிழாசிரியர் சுப்பிரமணியம் சார் சித்தியை எங்கள் பள்ளிக்கு எழுத்தாளராக அழைத்துவிட்டார். தமிழ் படிக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் படம் காட்டும் ஏ.வி.ஏ. அறையில் உட்காரவைத்தார்கள். வரவேற்பாக ஒரு நாடகம். எந்த அத்தியாயம் என்று கேட்கவே வேண்டாம்.

சிவானிதான் மந்திரவாதி. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவது அவள்தான். அவளுக்கு எதுவும் தெரியாது. பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, கோலுறைக்குப் பதிலாகக் கழுத்தில் அவளுடைய பள்ளி அட்டையை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தாள். கழுத்தில் அட்டை. புத்தகத்தில் அது இல்லை. அவளாக யோசித்துச் செய்தது. "எப்படி என் ஐடியா?" என்று மேடையிலிருந்தே கண்ணால் கேட்டாள்.

நான் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

பிறகு ஒரு பையன் கேட்டான், "மேடம், இந்த மந்திரவாதி உங்களுக்கு எப்படித் தோணுனாரு?"

"கற்பனைதான்" என்றார் சித்தி. "வேற எப்படி?"

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் முதல் வரிசையைப் பார்த்தார், நான்காவது வரிசையைப் பார்த்தார்.

போகும்போது, கீழ்வகுப்பில் இருக்கும் சரத்துக்கு என்று ஒரு நூலைச் சார் என்னிடம் கொடுத்தனுப்பினார். வாங்காமல் இருக்க முடியவில்லை. அதையும் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சரத் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டான். வேறு எதையோ தேடியிருக்கிறான்.

அவன் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பு. தினமும் அம்மாவிடம் கொஞ்சம் தமிழ் படித்துக்காட்ட வேண்டும். மற்ற நாளெல்லாம் அழுகை, வயிற்றுவலி, தண்ணீர்த் தாகம். இன்று அவனாகவே வந்தான். அம்மா அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா கீழே பால் வாங்கப் போயிருந்தார். நான் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்துவிட்டான்.

"வேற படி சரத். இது பெரிய பிள்ளைங்களுக்கு."

"இதுதான் பெஸ்ட் லா, அக்கா. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சொன்னாங்க."

"படிக்கட்டும் விடு" என்றார் அம்மா. "அன்னிக்கு மீதியைக் கேக்கவே இல்ல நான்."

அவன் படித்தான். ஒரு வார்த்தையில்கூட நாக்குத் தடுக்கவில்லை. அம்மா சந்தோஷமாக என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மந்திரிப் பூனையில் சிரித்தார். சேனாதிபதியில் சிரித்தார். சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கறுப்புக் கால்சட்டையை எடுத்து விரித்தார். சரத் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டான்.

'அன்று மாலை மந்திரவாதியின் மனைவி அவருடைய அங்கியை உதறிக்கொண்டே கேட்டாள்: உங்கள் அரண்மனையில் என்ன, பூனை வளர்க்கிறார்களா?'

சரத் அதை அம்மா குரலிலேயே படித்தான். அவனுக்கே தெரியவில்லை. அந்த வாக்கியத்தை அவனுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

அம்மா சிரிக்கவில்லை.

"திரும்பப் படி."

அவன் பெருமையாக இன்னும் கொஞ்சம் நீட்டிப் படித்தான்.

அம்மா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கால்சட்டையிலிருந்து ஒரே ஒரு முடியை நகத்தால் எடுத்தார். வெள்ளை முடி. அதை விரலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். எண்களெல்லாம் கலங்கின.  அம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்பா பாலோடு வந்தார். "சாப்பிடலாமா?" என்றார். அம்மா, "ம்" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் எல்லாம் வழக்கம்போல. அம்மா மீன் பொரித்தார். டிபன் பெட்டியை அவரே அப்பாவின் பையில் வைத்தார். எனக்கு மட்டும் "வைஷாலி, தண்ணி பாட்டில்" என்றார். அம்மா என்னைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பள்ளி முடிந்து கைப்பேசியைத் திறந்தால் அப்பாவிடமிருந்து ஒரு படம். ஒரு சொல்லும் இல்லை. அந்த பெஞ்ச், திறந்த டிபன் பெட்டி. எப்போதும் ஒரு மீன்தான் இருக்கும். இன்று சோறே தெரியாத அளவுக்கு மீன். ஓரத்தில் ஒற்றைக் கண் பூனையின் காது.

நான் அந்தப் படத்தைப் பேருந்து நிறுத்தத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருந்துகள் போய்விட்டன.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் சப்பாத்து வாசலில் இருந்தது. மூன்று மணிக்கே. கழுத்துக் கயிறு மேசைமேல் சுருண்டு கிடந்தது. இரண்டு பேரும் சமையலறையில். கதவு சாத்தியிருந்தது.  கொஞ்ச நேரம் கழித்து அப்பா மூக்கு உறிஞ்சுவது கேட்டது. அம்மா, "காப்பி ஆறுது, குடிங்க" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை மாதம் எதற்குப் பயந்தேனோ அது நடந்தே விட்டது, அம்மா காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா வெளியே வந்து என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அம்மா வரவில்லை.

சாயங்காலம் சித்தியின் போன். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். இன்று காதில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் சித்திதான் பேசியிருக்க வேண்டும். பிறகு அம்மா பேசியது இவ்வளவுதான்:

"ஊருக்கே சொன்னியே சுந்தரி. எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"இல்ல, புக்கு நல்லாத்தான் இருக்கு. நான் அதைச் சொல்லல."

"நான் சிரிச்சேன்டி. அவரு அதே வரிசையில உக்காந்திருக்கார். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, பூ வெச்சுக்கிட்டு, அவரைப் பாத்து நான் சிரிச்சேன். அதை நீ மைக் முன்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தே."

வைத்துவிட்டார்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார். நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். சித்தி என்னை ஏமாற்றினார் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அம்மா நோட்டு எழுதினால் அதில் முதல் பெயர் யாருடையது?

சாப்பிடும்போது எனக்கு மீன் வைத்தார். முள் எடுத்துத்தான் வைத்தார். பிறகு சரத் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரத் தூங்கிவிட்டான். துணிகளுக்கு அடியில் இருந்த இரண்டு நூல்களையும் எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கீழேயே வைத்துவிட்டேன். இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த நோட்டையும் அம்மாவிடம் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் —

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவாக இருக்கும்.

இல்லை. வளையல் சத்தம். அம்மா. அம்மா ஏன் திறந்துகொண்டு வராமல், வெளியே நின்று தட்டிக்கொண்டு